பார்வை 6/6, ஆனாலும் அந்தியில் தடுமாறுகிறாள்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. பிறந்த மூன்றாம் மாதத்திலேயே டயமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தச்சோகை (எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் போதிய அளவு தயாரிக்காத பிறவி நோய்) என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வயது முடிந்ததும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பித்து 5 வயது வரை கொடுத்தோம். அளவைக் குறைத்தாலே ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது. அதனால் அதை நிறுத்திவிட்டு, இப்போது 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். இரும்புச் சத்து சேர்கிறது என்று 2 வருடமாக வாரத்தில் 5 இரவுகள் பம்ப் வழியாக, இரும்பை வெளியேற்றும் டெஃபெராக்ஸமைன் மருந்து போகிறது. வருடம் ஒருமுறை கண் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கடையில் பார்த்தோம், இரண்டு கண்ணும் 6/6, பவர் இல்லை என்றார்கள். ஆனால் சில வாரங்களாக, இருட்டத் தொடங்கினால் வெளியே வரவே தயங்குகிறாள், படியில் தடுமாறுகிறாள். கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள். இந்த மருந்து கண்ணைக் கெடுக்கும், நிறுத்திவிடு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு விழித்திரை பிரிந்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மருந்தை நிறுத்தலாமா? அவள் அண்ணனிடமிருந்து எலும்பு மஜ்ஜை எடுத்து மாற்றலாம் என்றும் பேச்சு இருக்கிறது. அப்படிச் செய்தால் கண் பிரச்சினை எல்லாம் போய்விடுமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் உங்கள் ரத்த நோய் மருத்துவரைக் கூப்பிட்டு, ‘டெஃபெராக்ஸமைன் போகிறது, இருட்டில் பார்வை குறைந்த மாதிரி இருக்கிறது’ என்று சொல்லுங்கள். இன்று இரவு பம்ப் மாட்டுவதற்குள் சொல்லிவிட முடிந்தால் நல்லது. கண் பரிசோதனை முடியும்வரை மருந்தை நிறுத்தி வையுங்கள் என்று அவரே சொல்ல வாய்ப்பு அதிகம். சில நாள் இடைவெளியால் பெரிய கேடு வராது, இரும்பு மெதுவாகத்தான் சேரும். அந்த முடிவை வீட்டிலேயே எடுத்து, மருத்துவருக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் ஆபத்து. ஒரு யூனிட் ரத்தத்தில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடம்போ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் வெளியேற்றாது. மிச்சமெல்லாம் கல்லீரல், இதயம், ஹார்மோன் சுரப்பிகள் என்று போய்த் தங்கும். இந்தக் குழந்தைகளின் உயிருக்குப் பெரிய எதிரிகளில் ஒன்று இதயத்தில் சேரும் இரும்பு. பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, இந்த மருந்து கண்ணைப் பாதிக்கக்கூடியதுதான். ஆனால் அதற்கு மாற்று, அளவைச் சரிசெய்வதோ வேறு மருந்துக்கு மாறுவதோதான். இரும்பை அப்படியே விட்டுவிடுவது மாற்று ஆகாது.

இரண்டாவது அவசரம், இந்த வாரத்துக்குள் குழந்தைகள் கண் மருத்துவர் அல்லது விழித்திரை மருத்துவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடிக் கடையில் செய்ததை நான் குறைசொல்லவில்லை, ஆனால் அது வேறு வேலை. 6/6 என்பது வெளிச்சத்தில், நேர் எதிரே, விழித்திரையின் நடுப்புள்ளி எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்லும் அளவு. இருட்டில் பார்க்க உதவும் செல்கள் அந்த நடுப்புள்ளியில் இல்லை, சுற்றிலும் பரவிக் கிடக்கின்றன. அவை பாதிக்குமேல் சோர்ந்து போனாலும் போர்டில் உள்ள கடைசி வரியைக் குழந்தை கடகடவென்று படித்துவிடும். கண்ணாடி தேவையா என்று பார்க்கும் பரிசோதனையும், கண்ணுக்குள் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் ஒன்று என்று நினைத்து வருடங்களை விட்டுவிடும் குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ‘வருடம் ஒருமுறை கண் பார்க்கணும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, எங்கே, என்ன பார்க்கணும் என்று சொல்லாமல் விடும் மருத்துவர்களாகிய நாங்களும் இதற்கு ஒரு காரணம்.

குழந்தை ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னதை நம்பாதீர்கள். பொய் சொல்கிறாள் என்று அர்த்தமில்லை. மெதுவாக மங்கும் பார்வை அவளுக்கு இயல்பாகத் தெரியும், உலகம் எல்லோருக்கும் இருட்டில் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வாள். ஊசி, ரத்தம், ஆஸ்பத்திரி என்று வளர்ந்த குழந்தைகளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதையாவது சொன்னால் இன்னொரு பரிசோதனை வரும் என்று தெரிந்து வாயை மூடிக்கொள்வார்கள். வார்த்தையைவிட நடத்தையைத்தான் நம்ப வேண்டும். வெளியே வரத் தயங்குவதும் படியில் தடுமாறுவதும் எனக்குப் போதுமான சாட்சி.

இனி, இருட்டில் தடுமாற என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பார்ப்போம். டெஃபெராக்ஸமைன் சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்கிறது. இது விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமி செல் அடுக்கைப் பாதிக்கலாம். மாலைக்கண், நிறம் மங்கித் தெரிவது, பார்வைப் பரப்பின் நடுவிலோ ஓரத்திலோ தெளிவில்லாமல் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். 1980களிலேயே, அளவு கூடுதலாகக் கொடுக்கப்பட்டவர்களிடம் இது கவனிக்கப்பட்டது. நல்ல செய்தி என்னவென்றால், சீக்கிரம் பிடித்து மருந்தை நிறுத்தினாலோ குறைத்தாலோ பலருக்குப் பார்வை முழுதாகவோ ஓரளவோ திரும்புகிறது. தாமதித்தால் சேதம் நிரந்தரமாகலாம். சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் மாற்றங்கள் கூடுவதுண்டு, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

உங்கள் ரத்த நோய் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஓர் இரவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை வாரத்தில் எத்தனை இரவு என்பதால் பெருக்கி, 7ஆல் வகுத்தால் ஒரு நாள் சராசரி அளவு வரும். அதை ரத்தத்தில் உள்ள ஃபெரிட்டின் அளவால் (உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் புரதம், ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கில்) வகுக்க வேண்டும். விடை 0.025-க்குக் கீழே இருக்க வேண்டும். உதாரணமாக, கிலோவுக்கு 35 மில்லிகிராம் வீதம் வாரம் 5 இரவு என்றால் சராசரி 25. ஃபெரிட்டின் 2500 இருக்கும்போது விடை 0.01, கவலையில்லை. அதே குழந்தைக்கு மருந்து நன்றாக வேலை செய்து ஃபெரிட்டின் 1000-க்கு இறங்கிவிட்டால் விடை 0.025, அதாவது எல்லைக்கோடு. அதற்கும் கீழே இறங்கினால் கோட்டைத் தாண்டிவிட்டோம். மருந்தின் அளவில் ஒரு சொட்டுகூட மாறவில்லை, இரும்புதான் குறைந்தது. பிடிக்க இரும்பு போதாதபோது இந்த மருந்து கண்ணிலும் காதிலும் சேதம் செய்யத் தொடங்குகிறது. ஃபெரிட்டின் நன்றாக இறங்கிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படும் நேரம்தான் கண்ணுக்கு ஆபத்தான நேரம் என்பது விசித்திரம்தான், ஆனால் நிஜம். உங்கள் கடிதத்தில் அளவும் ஃபெரிட்டினும் இல்லை. கடைசி மூன்று ஃபெரிட்டின் முடிவுகளையும் இப்போதைய எடையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபெரிட்டின் காய்ச்சலிலும் தொற்றிலும் பொய்யாக ஏறும், அதனால் ஒரே ஒரு முடிவை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

மருந்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. வைட்டமின் ஏ குறைவு மாலைக்கண்ணின் பழைய, பிரசித்தமான காரணம். துத்தநாகக் குறைவும் இருட்டுப் பார்வையைக் கெடுக்கும். இரும்பைப் பிடிக்கும் மருந்துகள் துத்தநாகத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போவதுண்டு. இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். கிட்டப்பார்வை புதிதாகத் தொடங்கியிருந்தால் மங்கிய வெளிச்சத்தில் முதலில் தெரியும், ஆனால் 6/6 படித்தவளுக்கு அந்த வாய்ப்பு குறைவு. அப்புறம் கண்புரை. அதற்குத்தான் அந்த நாலு வருட ப்ரெட்னிசலோன் கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

டயமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தச்சோகை பத்து லட்சம் குழந்தைகளில் ஏறக்குறைய 5 முதல் 7 பேருக்கு வருவது. 1938ல் இதை விவரித்த இரண்டு அமெரிக்க மருத்துவர்களின் பெயரில் அழைக்கிறார்கள். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் மரபணுக்களில் வரும் பிழை இது. 1999ல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் மரபணுவான ஆர்பிஎஸ்19 மட்டுமே கால்வாசி நோயாளிகளிடம் காரணமாக இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேறு பிறவிக் குறைகளும் இருக்கும். கண்ணைப் பொறுத்தவரை இமை தொங்குவது, மாறுகண், இரு கண்களுக்கும் இடைவெளி அகலமாக இருப்பது, அபூர்வமாகப் பிறவிக் கண்புரை, பிறவியிலேயே வரும் கண் அழுத்த நோய். இவை இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் தெரிந்திருக்கும். உங்கள் மகள் விஷயத்தில், நோயைவிட நோய்க்குக் கொடுத்த மருந்துகள்தான் கண்ணுக்கு அதிக வேலை வைத்திருக்கின்றன.

நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டால் கண் வில்லையின் பின்பக்கத்தில், சரியாக நடுவில் புரை வருவதுண்டு. இடம் மோசமான இடம். வெயிலில் கண்பாப்பா சுருங்கும்போது வெளிச்சம் போக இருக்கும் அந்தச் சின்ன வழியை அது அடைத்துக்கொள்ளும். அதனால் இருட்டைவிட வெயிலிலும் எதிரே வரும் விளக்கொளியிலும் கண் கூசும், பக்கத்தில் வைத்துப் படிப்பது தூரத்தில் பார்ப்பதைவிடக் கஷ்டமாகும். உங்கள் மகளுக்கு இருட்டில்தான் தொல்லை என்பதால் இதற்குக் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன், ஆனாலும் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்காமல் விடக் கூடாது. சின்னப் புரையாக இருந்தால் அளந்து வைத்துவிட்டு, அப்படியே கண்காணிக்கலாம். பெரிதானால் அறுவை சிகிச்சை செய்யலாம். இந்த நோயில் அது முடியாத காரியமல்ல. ஹீமோகுளோபினைத் தயார்செய்துவிட்டு, பழைய ஸ்டீராய்டு விவரத்தையும் இரும்புச் சேர்மானத்தையும் மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும். நீண்ட நாள் ஸ்டீராய்டும், சேர்ந்த இரும்பும் அட்ரீனல் சுரப்பியைச் சோர்வாக்கக்கூடியவை என்பதால் இதைச் சொல்கிறேன். எட்டு வயதுக்குள் ஒரு கண்ணில் மட்டும் புரையோ பவரோ கூடுதலாக இருந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் பயன்படுத்தப் பழகிவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்வது இதைத்தான். வயது ஏற ஏற அதைச் சரிசெய்வது கடினமாகும். ஆகவே இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டின் இன்னொரு தொல்லை கண் அழுத்தம். சாதாரணமாக அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். சிலருடைய கண்கள் ஸ்டீராய்டுக்கு அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும், குழந்தைகளிடம் இது இன்னும் சீக்கிரமாகவும் வேகமாகவும் நடக்கலாம். வலியே இருக்காது. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் அழுத்தம் பெரும்பாலும் பழையபடி இறங்கிவிடும். உங்கள் மகள் அதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது, அதனால் இப்போது அளந்தால் சாதாரணமாக வர வாய்ப்பு அதிகம். ஆனால் அதோடு திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை அழுத்தம் யாராவது அளந்தார்களா என்று பழைய கோப்பைப் பாருங்கள். அளக்கவே இல்லை என்றால், அந்தக் காலத்தில் அழுத்தம் ஏறி பார்வை நரம்பு தேய்ந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அழுத்தம் போய்விடும், நரம்புச் சேதம் போகாது. ஆகவே அழுத்த எண்ணோடு, பார்வை நரம்பின் தலையைப் படமெடுத்து, ஓசிடியில் (ஒளியால் கண்ணின் அடுக்குகளைப் படமெடுக்கும் கருவி) அதன் தடிமனையும் அளந்து வைக்கச் சொல்லுங்கள். இன்றைய படம் பிறகு எப்போதாவது ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

சரி, மருத்துவரிடம் போனால் என்ன செய்வார்கள்? பார்வை அளவு, ஸ்லிட் லேம்ப், அழுத்தம் (மெல்லிய முனை கருவிழியைச் சட்டென்று தொட்டு அளக்கும் கருவிக்கு மரத்துப்போகும் சொட்டு மருந்துகூட வேண்டாம், குழந்தைகள் சிரித்துக்கொண்டே ஒத்துழைப்பார்கள்), சொட்டு மருந்து போட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையை முழுவதுமாகப் பார்ப்பது, இவை அடிப்படை. டெஃபெராக்ஸமைன் போகும் குழந்தைக்கு இது மட்டும் போதாது. விழித்திரை பார்வைக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும்போதே அதன் வேலை குறைய ஆரம்பித்திருக்கலாம். அதைப் பிடிக்கும் பரிசோதனை ஈஆர்ஜி. கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்துத் தோலிலோ மின்முனை வைத்து, 20 நிமிடம் இருட்டறையில் உட்காரவைத்த பிறகு ஒளிச்சிமிட்டல் காட்டி, விழித்திரை எழுப்பும் மின்சமிக்ஞையைப் பதிவு செய்வார்கள். வலியில்லை. இருட்டறையில் உட்கார்வதுதான் எட்டு வயதுக்காரிக்குப் பெரிய சோதனை, ஒரு கதையோடு போங்கள். கூடவே ஆட்டோஃப்ளோரசன்ஸ் என்ற சிறப்புப் படமும் ஓசிடியும் எடுத்தால், நிறமி அடுக்கின் ஆரம்ப மாற்றங்கள் சாதாரணப் படத்தைவிடத் தெளிவாகத் தெரியும். நிறப் பரிசோதனை என்று புள்ளிப் புத்தகத்தை மட்டும் நீட்டினால், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் புத்தகம் முக்கியமாகப் பிறவி சிவப்பு-பச்சைக் குறையைப் பிடிப்பதற்கானது. மருந்தால் வரும் குறை நீலம்-மஞ்சள் பக்கமும் போகலாம், அதற்கு வண்ண வில்லைகளை வரிசைப்படுத்தும் பரிசோதனை சரியாக இருக்கும். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாக் கருவியும் இருக்காது. இருப்பதைச் செய்துகொண்டு, ஈஆர்ஜி-க்கு மட்டும் வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே வாரத்தில் காது பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்த மருந்து கீச்சென்ற உயர் ஒலிகளைக் கேட்கும் திறனையும் குறைக்கலாம், அதையும் குழந்தை சொல்ல மாட்டாள். கண்ணும் காதும் மருந்து ஆரம்பிக்கும் முன்பு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை என்பதுதான் வழக்கம். உங்களுக்கு ஆரம்பத்தில் பார்க்காமல் விட்டிருந்தால் இப்போது பார்ப்பதையே ஆரம்ப அளவாக வைத்துக்கொள்ளலாம்.

பரிசோதனையில் மருந்துதான் காரணம் என்று தெரிந்தால் என்ன வழி? முதலில் நிறுத்துவார்கள். பிறகு, கண் தெளிந்ததும் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பதுண்டு. அல்லது வாயால் சாப்பிடும் டெஃபராசிராக்ஸுக்கு மாற்றுவதுண்டு. இரவு முழுவதும் பம்ப் இல்லை என்பதால் குழந்தைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதற்கும் வருடாந்தரக் கண், காது பரிசோதனை உண்டு, அபூர்வமாகக் கண் வில்லையில் மங்கல் வரலாம். சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். டெஃபெரிப்ரோன் என்ற மூன்றாவது மருந்தைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லலாம். தலசீமியா குழந்தைகள் பலர் அதில் இருக்கிறார்கள். ஆனால் அது வெள்ளணுக்களைத் திடீரென்று விழவைக்கக்கூடியது. மஜ்ஜை ஏற்கெனவே பலவீனமாக உள்ள டயமண்ட்-பிளாக்ஃபேன் குழந்தைகளுக்கு அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்குக் கொடுக்கிறார்களே என்று கேட்டு வாங்கும் மருந்தல்ல.

இடையில், ‘கண்ணுக்கு நல்லது’ என்று விற்கும் டானிக், கேப்ஸ்யூல் எதையும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் இரும்பு இருக்கிறது, உங்கள் வீட்டில் அது விஷத்துக்குச் சமம். வைட்டமின் சி டெஃபெராக்ஸமைனின் வேலையைக் கூட்டும் என்பதால் மருத்துவரே சின்ன அளவில், பம்ப் போகும் நாட்களில் கொடுப்பதுண்டு. அதிக அளவில் எடுத்தால் இதயத்துக்கு ஆகாது. வைட்டமின் ஏ-யும் அளவு தாண்டினால் கல்லீரலையும் தலைக்குள் அழுத்தத்தையும் பாதிக்கும். குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால், அளவோடு கொடுத்தால் போதும்.

விழித்திரை பிரிந்துவிடும் என்று நீங்கள் படித்தது பெரும்பாலும் அரிவாள் செல் நோயைப் பற்றியதாக இருக்கும். அது வேறு நோய். அதில் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்துப்போய், விழித்திரையின் ஓரத்து நுண்குழாய்களை அடைக்கின்றன. ரத்தம் போகாத இடத்தைக் காப்பாற்ற விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கவைக்கும். அவை பலவீனமானவை, கசியும், ரத்தம் சிந்தும், இழுத்து விழித்திரையையே பிரித்துவிடவும் செய்யும். அந்தக் குழந்தைகளுக்கு 10 வயதிலிருந்து கண் பரிசோதனை தொடங்குகிறார்கள், ரத்தச்சோகை கடுமையாகத் தெரியாத ஹீமோகுளோபின் எஸ்சி வகையில்தான் (ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாள் செல் மரபணுவும் மற்றவரிடமிருந்து ஹீமோகுளோபின் சி மரபணுவும் வந்த வகை) இந்தக் கண் சேதம் அதிகம் என்பது பலருக்குத் தெரியாத விஷயம். உங்கள் மகளின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைவே தவிர வளைந்து அடைப்பவையல்ல. ஹீமோகுளோபின் மிகவும் இறங்கிக் கிடக்கும் நாட்களில் விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தக் கசிவுகள் வரலாம், குறிப்பாகத் தட்டணுக்களும் குறைந்தால். ரத்தம் ஏற்றிய பிறகு அவை தானாக ஆறிவிடும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒழுங்காக ஏற்றிக்கொள்ளும் குழந்தைக்கு இது பெரிய கவலையில்லை.

‘பரம்பரை ரத்த நோயும் கண்ணும்’ என்று பொதுவாகத் தேடினால் எல்லாம் கலந்துதான் வரும். ஹீமோஃபிலியா குழந்தைக்குக் கண் ஆபத்து என்பது பந்து பட்டதோ விழுந்ததோதான், கண்ணில் அடிபட்டால் ரத்தத்தை உறையவைக்கும் மருந்து உடனே போக வேண்டும். வெளிர்ந்த முடியும், ஆடிக்கொண்டே இருக்கும் கண்களும், எளிதில் ரத்தக்கட்டும் சேர்ந்து இருந்தால் ஹெர்மான்ஸ்கி-புட்லாக் நோயைச் சந்தேகிக்க வேண்டும், அங்கே கண் மருத்துவர்தான் ரத்த நோயையே முதலில் கண்டுபிடிக்கிறார். ஃபேன்கோனி ரத்தச்சோகையில் கண்கள் சிறிதாக இருக்கலாம். ஃபெரிட்டின் மட்டும் ஏறி, இரும்பு ஏறாமல், குடும்பத்தில் இளவயதுக் கண்புரை ஓடும் பரம்பரை நிலை ஒன்றும் இருக்கிறது, அதில் இரும்பு இறக்கும் சிகிச்சை வேண்டவே வேண்டாம். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் பொருந்தாது. உங்கள் மகளின் நோயின் பெயரோடு மருந்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், பாதிப் பயம் குறையும்.

மஜ்ஜை மாற்று பற்றிய கேள்விக்குக் கண் மருத்துவராக நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அண்ணனின் ரத்தம் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கொடையாளியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்த நோயின் மரபணுப் பிழை ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கடுமையாகவும் இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். மகளிடம் எந்த மரபணுவில் பிழை என்று தெரிந்து, அது அண்ணனிடம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அடுத்த பேச்சு. இதை உங்கள் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார், சொல்லாவிட்டால் கேளுங்கள். மாற்று வெற்றியானால் ரத்தம் ஏற்றுவது நின்றுவிடும், ஏற்கெனவே சேர்ந்த இரும்பை இறக்கும் வேலை மட்டும் கொஞ்ச காலம் தொடரும். ஆனால் ஏற்கெனவே வந்த கண் சேதத்தை அது சரிசெய்யாது, புதிதாகச் சில தொல்லைகளையும் கொண்டுவரலாம். புதிய மஜ்ஜையின் செல்கள் உடம்பைத் தாக்கும் நிலையில் கண்ணீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டுக் கண் கடுமையாக உலரும், ஸ்டீராய்டு மறுபடி தேவைப்படலாம். உடல் முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தால் கண்புரை வரலாம், ஆனால் இந்த நோயில் கதிர்வீச்சை இயன்றவரை தவிர்க்கிறார்கள். கண் ஒரு காரணமாக இருந்து மாற்றுச் சிகிச்சையை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்ய வேண்டியதில்லை. மாற்றுக்கு முன்பு ஒரு முழுக் கண் பரிசோதனை செய்து பதிவுசெய்து வைத்துக்கொண்டால் போதும்.

அதுவரை வீட்டில் கவனிக்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடி, மங்கிய வெளிச்சத்தில் தரையில் கிடக்கும் பொருளை எடுத்து வரச் சொல்லி விளையாட்டுப் போல் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் சிணுங்கினாலோ கையைத் தட்டிவிட்டாலோ, திறந்திருக்கும் மற்றக் கண் பலவீனமாக இருக்கலாம். புகைப்படத்தில் ஒரு கண்பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால், புதிதாக மாறுகண் வந்தால், தலையைச் சாய்த்தே பார்த்தால் எழுதி வையுங்கள். படியிலும் கழிவறைப் பாதையிலும் இரவு விளக்கு போடுங்கள். இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று திட்டாதீர்கள், மற்றவர்கள் கேலி செய்யவும் விடாதீர்கள்.

பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது ரத்தம் ஏற்றி இரண்டு மூன்று நாள் கழித்த நாளாகக் கேட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின் இறங்கிச் சோர்ந்திருக்கும் குழந்தை பார்வைப் பரப்புப் பரிசோதனையில் பாதியில் தூங்கிவிடுவாள், முடிவும் தப்பாக வரும். ஆனால் அடுத்த ரத்தம் ஏற்றும் நாள் தள்ளியிருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், கிடைக்கிற நாளில் போய்விடுங்கள். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தால் இந்த ரத்த நோய்க்கு எந்தக் கேடும் இல்லை. சில மணி நேரம் கண் கூசும், பக்கத்தில் உள்ள எழுத்து மங்கும், ஒரு தொப்பி போதும். ஈஆர்ஜி அன்றே செய்வதாக இருந்தால், பிரகாசமான விளக்கில் விழித்திரையைப் படம் எடுப்பதை ஈஆர்ஜி-க்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், முன்பே எடுத்தால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும்.